உடைஞ்சு வந்த பார்சல்: கஸ்டமர் கேரில் கத்துறதுக்கு முன்னாடி ரசீதைப் பாருங்க!

போன ஜூன் 11, சாயங்காலம். கருக்களாச்சேரியிலிருந்து மாமா மகன் போன் பண்ணினான். "மச்சான், எக்கோ சவுண்டர் வந்துட்டுது. ஆனா கண்ணாடி போச்சு."

கடலுக்கு அடியில் ஆழம் எவ்வளவு, மீன் கூட்டம் எங்கே நிற்குது என்று திரையில் காட்டும் கருவி அது. சென்னையில் ஒரு கடையில் போனிலேயே பேசி, பணத்தையும் போனிலேயே அனுப்பி வாங்கினான். விலை 38,000 ரூபாய். கடைக்காரர் கூரியரில் போட்டார். கட்டணம் 450 ரூபாய். பெட்டியின் நாலு பக்கமும் சிவப்பு எழுத்தில் 'உடையும் பொருள்' ஸ்டிக்கர். ஒரு மூலை மட்டும் நசுங்கியிருந்தது. டெலிவரி தம்பி "அண்ணே, ஓடிபி சொல்லுங்க" என்றார், இவனும் சொல்லிவிட்டான். வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பிரித்தால், திரையில் குறுக்கே ஒரு விரிசல்.

இதில் ஒரு அவசரம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கருக்களாச்சேரி, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று காரைக்கால் கடலோரம் முழுக்க விசைப்படகுக்காரர்கள் எஞ்சின் வேலை, பெயின்ட், வலை, கருவி எல்லாவற்றையும் இந்த இடைவெளியில்தான் முடிப்பார்கள். தடை முடிந்ததும் முதல் பயணம். இரண்டு மாசம் வருமானம் இல்லாமல் இருந்தவர்களுக்கு அதுதான் பள்ளிக்கூட ஃபீஸ், வட்டி, அரிசி எல்லாம். அதற்கு மூணு நாள் முன்னால் திரை உடைந்து வந்து நிற்குது.

அடுத்த ஒரு வாரம் நடந்தது உங்களுக்கும் பழக்கமான கதைதான். கஸ்டமர் கேர், டிக்கெட் நம்பர், "48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்", மறுபடி கஸ்டமர் கேர், வேறொரு டிக்கெட் நம்பர். கடைசியில் ஒரு பதில் வந்தது: "கூரியர் கட்டணம் 450 ரூபாயைத் திருப்பித் தருகிறோம்."

38,000 ரூபாய் நஷ்டத்துக்கு 450 ரூபாய்! அவன் கொதித்துப்போனான். நான் அவனிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "புக்கிங் ரசீதில் மதிப்புன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல என்ன எழுதியிருக்கு?"

கடைக்காரர் அனுப்பியிருந்த ரசீது போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தோம். அந்தக் கட்டம் காலி. பக்கத்தில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்ற இடத்தில் ஒரு டிக்.

உடைஞ்ச பார்சல் விஷயத்தில் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பது பெரும்பாலும் பொருள் உடைவதற்கு முன்பே, புக்கிங் கவுண்டரில், முப்பது நொடியில் முடிவாகிவிடுகிறது. மீதி, பார்சலை வாங்கும் முதல் ஒரு மணி நேரத்தில் முடிவாகிறது. கஸ்டமர் கேரில் நாம் கத்துவதெல்லாம் அதற்குப் பிறகுதான். இதை நம்மிடம் யாரும் நம் மொழியில் சொல்வதில்லை என்பதுதான் என் புகார்.

சட்டம் யார் பக்கம்?

முதலில் நல்ல செய்தி. அடிப்படைச் சட்டம் பொருள் அனுப்பியவர் பக்கம்தான் நிற்கிறது.

1865-இல் பிரிட்டிஷ் காலத்தில் வந்த சரக்குச் சட்டம் ஒன்று நம் நாட்டில் ரொம்ப காலம் இருந்தது. அதை நீக்கிவிட்டு 'சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007' வந்தது. 2011 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. லாரி சர்வீஸ், புக்கிங் ஏஜென்ட், புரோக்கர் ஆகியோருடன் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கும் கூரியர் நிறுவனத்தையும் இந்தச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. "நாங்க கூரியர், லாரிக்காரன் சட்டம் எங்களுக்கு இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இந்தச் சட்டத்தில் இரண்டு விஷயங்களை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, வழியில் பொருள் உடைந்தாலோ தொலைந்தாலோ கொண்டுபோனவர்தான் பொறுப்பு. விதிவிலக்கு ஐந்துதான்: இயற்கைப் பேரிடர், போர், கலவரம், சட்டப்படி பறிமுதல், அரசு போட்ட தடை. அந்த ஐந்திலும்கூட, கவனமாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றால் பொறுப்பு போகாது. 'ஹப்பில் பெட்டி மேல் பெட்டி அடுக்கினாங்க', 'வண்டி குலுங்கிடுச்சு' என்பதெல்லாம் இந்தப் பட்டியலில் கிடையாது.

இரண்டு, அவர்களுடைய அலட்சியத்தால்தான் உடைந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சென்னையில் ஏற்றும்போதா, வழியில் ஏதோ ஒரு ஹப்பிலா, காரைக்காலில் இறக்கும்போதா, எங்கே உடைந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? சட்டம் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. நல்ல நிலையில் கொடுத்தேன், உடைந்து வந்தது என்று காட்டினால் போதும். மற்றதைச் சொல்ல வேண்டியது அவர்கள். பழைய சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. சரண் ஸ்பின்னிங் மில்ஸ் என்ற நூற்பாலை அனுப்பிய நூல் சரக்கு விபத்தில் நாசமான வழக்கில், 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தப் பாதுகாப்பு நுகர்வோர் மன்றத்திலும் செல்லும் என்று சொன்னது.

அப்புறம் ஏன் 450 ரூபாய்?

பத்து மடங்கு கணக்கு

இங்கேதான் கெட்ட செய்தி. பொறுப்பு உண்டு, சரி. எவ்வளவு பணத்துக்கு? அதற்கு 2011-ஆம் ஆண்டு விதிகளில் ஓர் உச்சவரம்பு இருக்கிறது: கட்டிய கட்டணத்தைப் போல 10 மடங்கு. அதுவும் நீங்கள் அறிவித்த மதிப்பைத் தாண்டாது.

எங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கட்டணம் 450 ரூபாய். பத்து மடங்கு 4,500 ரூபாய். பொருளின் விலை 38,000. மீதி 33,500 ரூபாய் படகுக்காரர் தலையில்.

இந்தக் கணக்கில் ஒரு கோணல் இருக்கிறது. கூரியர் கட்டணம் பெரும்பாலும் எடையையும் பெட்டியின் அளவையும் தூரத்தையும் பார்த்துப் போடப்படுகிறது. உடையக்கூடிய விலை உயர்ந்த பொருள்களோ பொதுவாக எடை குறைந்தவை. கேமரா லென்ஸ், செல்போன், மானிட்டர் திரை, தஞ்சாவூர் கண்ணாடி ஓவியம், கொலுவுக்கு வாங்கிய பொம்மை... எல்லாம் அப்படித்தான். ஒரு மூட்டை அரிசிக்குப் பத்து மடங்கு கட்டணம் என்றால் நஷ்டம் ஓரளவு அடைந்துவிடும். ஒரு கிலோ எடையுள்ள லென்ஸுக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி.

இதிலிருந்து தப்பிக்கச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. பொருளின் மதிப்பை எழுதிக் கொடுத்து, 'எனக்குக் கூடுதல் பொறுப்பு வேண்டும்' என்று கேட்டு, அதற்குத் தனிக் கட்டணம் கட்டலாம். அப்போது பத்து மடங்கு வரம்பு போய், ஒப்புக்கொண்ட தொகை வரும். கவுண்டரில் இதை 'கேரியர்ஸ் ரிஸ்க்' என்றோ 'ரிஸ்க் கவர்' என்றோ சொல்வார்கள். எதுவும் சொல்லாமல் விட்டால் 'ஓனர்ஸ் ரிஸ்க்'. வெறும் மதிப்பை மட்டும் எழுதிவிட்டுக் கூடுதல் கட்டணம் கட்டாமல் வந்தால் பத்து மடங்கு வரம்பு அப்படியே இருக்கும். இரண்டையும் செய்ய வேண்டும்.

மதிப்பைக் குறைத்து எழுதும் பழக்கமும் நம்ம ஊரில் உண்டு. 'ஸ்பேர் பார்ட்ஸ், 500 ரூபாய்' என்று எழுதினால் பேப்பர் வேலை குறையும் என்று கடைக்காரர் நினைப்பார். உடைந்தால் கையில் வருவதும் அந்த 500-ஐத் தாண்டாது.

தமிழ் போர்டு எங்கே?

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி இருக்கிறது. பிரிவு 11. கூடுதல் பொறுப்புக்குக் கூடுதல் கட்டணம் வாங்க வேண்டும் என்றால், அந்தக் கட்டண விவரத்தை எழுதிய அறிவிப்பை நிறுவனம் தன் அலுவலகத்தில் மாட்டியிருக்க வேண்டும். எந்த மொழியில்? ஆங்கிலத்திலும், அந்த மாநிலத்தின் மொழியிலும்.

அதாவது காரைக்காலில், நாகப்பட்டினத்தில், மயிலாடுதுறையில், சென்னையில், இந்தக் கட்டணத்தை வாங்கும் ஒவ்வொரு புக்கிங் கவுண்டரிலும் 'உடையும் பொருளா? மதிப்பைச் சொல்லுங்கள், இவ்வளவு கட்டினால் முழுப் பொறுப்பு எங்களுடையது' என்ற தமிழ் போர்டு தொங்க வேண்டும்.

நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் ஏறி இறங்கிய கவுண்டர்களில் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் ரசீதின் பின்பக்கத்தில் சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சான ஆங்கிலம்தான். ஆப்பில் புக் செய்தால் அதுவும் இல்லை. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற ஒரு பெட்டி, அதற்குள் நாற்பது பக்கம்.

கையெழுத்து போட்டால் போட்டதுதான்

"படிக்காமப் போட்ட கையெழுத்து சார், அது எப்படிச் செல்லும்?" என்று கேட்கலாம். செல்லும்.

பாரதி நிட்டிங் கம்பெனி என்ற நிறுவனம் ஜெர்மனியில் உள்ள வாங்குநருக்குச் சில ஆவணங்களை ஒரு சர்வதேச கூரியரில் அனுப்பியது. போய்ச் சேரவில்லை. ஆவணம் தாமதமானதால் வாங்குநர் விலையைக் குறைத்துக்கொண்டார், லட்சக்கணக்கில் நஷ்டம். ஆனால் அனுப்பியவர் கையெழுத்திட்ட ரசீதில் 'எங்கள் பொறுப்பு 100 அமெரிக்க டாலர் வரைதான்' என்று இருந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்த 100 டாலரைத்தான் உறுதி செய்தது. நிபந்தனை உள்ள தாளில் கையெழுத்துப் போட்டவர், படித்தாரோ இல்லையோ, அதற்குக் கட்டுப்பட்டவர் என்பதுதான் அதன் சாரம்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. வாடிக்கையாளர் கையெழுத்தே போடாத ரசீது, நிபந்தனையை யாரும் எடுத்துச் சொல்லாத ரசீது என்றால், நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் அந்தப் பொடி எழுத்தை ஏற்க மறுத்திருக்கின்றன. எனவே உங்கள் ரசீதில் கையெழுத்து இருக்கிறதா, யாருடையது என்று பாருங்கள். எங்கள் விஷயத்தில் புக் செய்தது கடைக்காரர், கையெழுத்தும் அவருடையது. கருக்களாச்சேரிக்காரன் அந்தத் தாளைக் கண்ணாலேயே பார்த்ததில்லை!

ஆக, நீங்கள் வாங்குபவராக இருந்தால் கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போடுங்கள்: "அண்ணே, பில் மதிப்பை முழுசா எழுதி, ரிஸ்க் கவர் போட்டு அனுப்புங்க. கூடுதல் காசு நான் தர்றேன். ரசீது போட்டோ அனுப்புங்க." ஒரே மெசேஜ்தான். அதன்பிறகும் அவர் செய்யாமல் விட்டால், கேள்வி கேட்க உங்கள் கையில் எழுத்து இருக்கும். பணம் கட்டும் முன் இன்னொன்றையும் கேளுங்கள்: கண்ணாடி, திரை உடைந்தால் அந்தக் கவரில் வருமா? சில நிறுவனங்கள் 'தொலைந்தால் தருவோம், உடைந்தால் தர மாட்டோம்' என்று எழுதி வைத்திருக்கும்.

வாசலில் அந்த ஐந்து நிமிஷம்

இப்போது வாங்கும் பக்கத்துக்கு வருவோம். "ஓடிபி சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சது, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று நம்மில் நிறைய பேர் நினைக்கிறோம். தப்பு. ஓடிபி என்பது பெட்டி உங்கள் கைக்கு வந்தது என்பதற்கான அடையாளம். உள்ளே இருக்கும் பொருள் நன்றாக இருந்தது என்பதற்கான சான்றிதழ் அல்ல. ஆனால் ஒரு குறிப்பும் இல்லாமல் வாங்கிவிட்டால், 'வீட்டில் கீழே போட்டுவிட்டு எங்கள் மேல் பழி போடுகிறார்' என்று அவர்கள் சொல்ல வழி கிடைக்கிறது. பிரச்சினை உரிமையில் இல்லை, சாட்சியத்தில் இருக்கிறது.

அதனால் இந்த வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்:

ஓடிபி சொல்வதற்கு முன் பெட்டியின் ஆறு பக்கமும் பாருங்கள். மூலை நசுங்கல், ஈரம், டேப் மாற்றி ஒட்டியிருப்பது, ஆட்டினால் சத்தம் இருந்தால் போட்டோ எடுங்கள்.

நசுங்கியிருந்தால் டெலிவரி ரசீதிலோ, அவருடைய மொபைலில் குறிப்பு எழுதும் இடம் இருந்தால் அதிலோ 'பெட்டி சேதம்' என்று எழுதச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால், அங்கே நின்றபடியே நிறுவனத்தின் மெயிலுக்கு போட்டோவுடன் ஒரு வரி அனுப்புங்கள். மெயிலில் நேரம் பதிவாகும்.

பிரிப்பதை ஒரே வீடியோவாக, நிறுத்தாமல் எடுங்கள். முதல் ஃப்ரேமில் டாக்கெட் நம்பர் உள்ள லேபிள், அப்புறம் டேப், அப்புறம் உள்ளே இருக்கும் பொருள். வெட்டி ஒட்டிய வீடியோவுக்கு மதிப்பில்லை.

பெட்டி, பஞ்சு, தெர்மாகோல் எதையும் குப்பையில் போடாதீர்கள். 'பேக்கிங் சரியில்லை' என்ற வாதத்துக்கு அதுதான் பதில்.

டெலிவரி தம்பியிடம் சண்டை போடாதீர்கள். அவர் வண்டியில் இன்னும் எத்தனையோ பெட்டி இருக்கும். அவருக்கு அதை உடைக்கவும் தெரியாது, உங்களுக்குப் பணம் தரவும் முடியாது. அவரையே வீடியோவில் "ஆமாண்ணே, பெட்டி இப்படித்தான் வந்துச்சு" என்று ஒரு வார்த்தை சொல்ல வைத்தால் அதுதான் உங்களுக்கு லாபம்.

யாரிடம் கேட்பது: கடையா, கூரியரா?

ஆன்லைன் தளத்தில் வாங்கியிருந்தால் கூரியரைத் தேடி அலையவே வேண்டாம். 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. உங்கள் புகாரைத் தளம் 48 மணி நேரத்துக்குள் பதிவு செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூரியரோடு கணக்குத் தீர்ப்பது அவர்கள் பாடு.

எங்கள் கதை போல நேரடியாகக் கடையில் வாங்கி அவர் அனுப்பியிருந்தால், இருவருக்கும் எழுதுங்கள். கூரியரிடம் ஒப்பந்தம் போட்டவர் கடைக்காரர்தான். எனவே கோரிக்கை அவர் பெயரிலும் போக வேண்டும். அதே நேரம், அந்தச் சேவையின் பயனை அனுபவிப்பவர் என்ற முறையில் நீங்களும் நுகர்வோர்தான்.

அஞ்சல் துறை வழி அனுப்பினால் கதை வேறு. மேலே சொன்ன 2007 சட்டம் அரசுக்குப் பொருந்தாது. 2024 ஜூன் 18 முதல் அமலுக்கு வந்த அஞ்சலகச் சட்டம், 2023-இன்படி, விதிகளில் குறித்த அளவைத் தாண்டி அஞ்சல் துறைக்குப் பொறுப்பில்லை. ஸ்பீடு போஸ்ட்டில் பொருள் சேதமானால் கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்ற அளவில்தான் பல ஆண்டுகளாக இழப்பீடு இருந்துவந்திருக்கிறது. விலை உள்ள பொருளென்றால் கவுண்டரில் 'இன்ஷூர்' செய்யக் கேளுங்கள்.

காரைக்காலில் பாதி வீட்டுக்கு பிரான்ஸில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். விமானத்தில் வரும் சரக்குக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். சேதம் என்றால் பெற்ற நாளிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். இழப்பீடும் பொருளின் விலைப்படி இல்லை, கிலோ கணக்கில்தான். அங்கும் மதிப்பைத் தனியாக அறிவித்துக் கூடுதல் கட்டினால் மட்டும்தான் விதிவிலக்கு.

எழுத்தில் ஒரு நோட்டீஸ்

கஸ்டமர் கேரில் பத்து முறை பேசியது சட்டத்தின் கண்ணில் ஒன்றுமே இல்லை. 2007 சட்டத்தின் பிரிவு 16 எழுத்தில் நோட்டீஸ் கேட்கிறது. புக்கிங் நாளிலிருந்து 180 நாளுக்குள், வழக்குக்கு முன்பாக, அது நிறுவனத்துக்குப் போயிருக்க வேண்டும். டெலிவரி நாளிலிருந்து அல்ல, புக்கிங் நாளிலிருந்து. நிறுவனத்தின் நிபந்தனையில் இன்னும் குறைந்த நாள் எழுதியிருக்கலாம் என்பதால், 24 மணி நேரத்துக்குள் அனுப்பிவிடுவது நல்லது. வக்கீல் தேவையில்லை. இந்த அளவு போதும்:

"டாக்கெட் நம்பர் இது, புக் செய்த தேதி இது. இந்தப் பார்சல் இந்தத் தேதி, இத்தனை மணிக்கு எனக்கு டெலிவரி ஆனது. பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது. உள்ளே இருந்த கருவியின் திரை உடைந்திருந்தது. பில் மதிப்பு இவ்வளவு. சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007, பிரிவு 16-இன்படி இது எழுத்துபூர்வ அறிவிப்பு. பில், ரசீது, போட்டோ, வீடியோ இணைத்துள்ளேன். 15 நாளுக்குள் இழப்பீடு தரவும். தவறினால் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

மெயிலில் அனுப்பி, ஒரு நகலை ஸ்பீடு போஸ்ட்டிலும் போடுங்கள். மாமா மகன் இதைத்தான் செய்தான். 450 ரூபாய் என்று சொன்ன அதே நிறுவனம், இரண்டு வாரத்தில் 4,500 ரூபாய் அனுப்பியது. கத்தியபோது கிடைக்காதது, சட்டப் பிரிவின் நம்பரை எழுதியதும் கிடைத்தது. ஆனால் அதற்கு மேல் ஒரு பைசா வரவில்லை. அந்தக் காலிக் கட்டம்தான் காரணம்.

படி ஏற வேண்டியிருந்தால்...

பதில் வராவிட்டால் முதல் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். வழக்குக்கு முன்பாகவே நிறுவனத்தோடு பேசித் தீர்க்கும் ஏற்பாடு இது. பல புகார்கள் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம் இதுதான்: நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். ரசீதின் பின்பக்கம் 'மும்பை நீதிமன்றம் மட்டும்' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

காரைக்கால்காரர்களுக்கு இது முக்கியம். நம் ஊர் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். ஆனால் சுத்திலும் தமிழ்நாடு. புதுச்சேரி நகரம் சுமார் 130 கிலோமீட்டர் வடக்கே. பொருள் விற்ற கடை சென்னையில், கூரியரின் தலைமையகம் வேறெங்கோ. முன்பு இந்த எல்லைக் குழப்பமே பாதிப் பேரைச் சோர்வடைய வைத்துவிடும். இப்போது இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். விசாரணைக்குக் காணொலி வழி ஆஜராகவும் அனுமதி கேட்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடவே ஆகும் என்று மனசைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

'விசைப்படகு வைத்திருப்பவர் வியாபாரி, நுகர்வோர் அல்ல' என்று எதிர்த்தரப்பு சொல்லுமா? சொல்லும். ஆனால் சொந்தத் தொழில் செய்து, பிழைப்புக்காக மட்டும் ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளைச் சட்டம் 'வணிக நோக்கம்' என்று கொள்வதில்லை. வீட்டிலிருந்து கேக் செய்பவர், போட்டோகிராபர், ஃப்ரீலான்ஸ் டிசைனர் எல்லாருக்கும் இது உதவும். பல படகு, பல ஆள் என்று தொழில் பெரிசாக ஆக, இந்த வாதம் பலவீனமாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் புகாரின் முதல் பத்தியிலேயே 'இது என் பிழைப்பு' என்று தெளிவாக எழுதுங்கள்.

அவர்கள் பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கிறது. 450 ரூபாய் வாங்கிக்கொண்டு 38,000 ரூபாய் பொறுப்பை ஏற்க எந்தத் தொழிலும் தாங்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் அனுப்பிவிட்டு, உடைந்த பிறகு 'அது தங்கம்' என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? அதனால்தான் கூடுதல் கட்டணம் என்ற ஏற்பாடே வந்தது.

பேக்கிங்கிலும் நம் தவறு உண்டு. ஒரு பார்சல் வீடு வந்து சேருவதற்குள் பல முறை ஏறி இறங்குகிறது; இடுப்பு உயரத்திலிருந்து விழ வாய்ப்பு உண்டு என்று நினைத்துத்தான் கட்ட வேண்டும். கடையில் அலமாரியில் வைப்பதற்கான அட்டைப் பெட்டி மேல் லேபிள் ஒட்டி அனுப்புவது பேக்கிங் ஆகாது. அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, எல்லாப் பக்கமும் நாலு விரல் அகலத்துக்குத் திணிப்பு கொடுத்து, ஆட்டினால் அசையாதபடி கட்ட வேண்டும். 'உடையும் பொருள்' ஸ்டிக்கர் ஒரு தகவல், கேடயம் இல்லை. மூடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்தால், நல்ல நிலையில் கொடுத்தோம் என்பதற்கு அதுவே ஆதாரம்.

ஆனால் இந்த நியாயம் எல்லாம் ஒரு நிபந்தனையோடுதான் நிற்கும்: வாடிக்கையாளருக்குத் தேர்வு இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். தெரியாத ஒன்றை 'நீங்கள் வேண்டாம் என்று சொன்னீர்கள்' என்பது நியாயம் இல்லை. காலிக் கட்டத்தை வாடிக்கையாளரின் சம்மதமாக எடுத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் மிகப் பெரிய குறை.

செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. கவுண்டரில் ஒரே கேள்வி, தமிழில்: "உள்ளே என்ன, எவ்வளவு மதிப்பு, ரிஸ்க் கவர் வேணுமா?" ஆப்பில் அதே கேள்விக்கு ஆம் அல்லது இல்லை சொல்லாமல் அடுத்த பக்கம் போக முடியாதபடி ஓர் ஏற்பாடு. சுவரில், சட்டம் ஏற்கெனவே கேட்கும் அந்தத் தமிழ் போர்டு. கட்டம் காலியாக இருந்தால் புக்கிங்கே எடுக்கக் கூடாது என்ற உத்தரவு. புதுச்சேரி அரசும் தமிழ்நாடு அரசும் தங்கள் அதிகாரிகளை ஒரு வாரம் கவுண்டர் கவுண்டராக அனுப்பி, போர்டு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அதுவரை அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

ஜூன் 15 விடியற்காலை, காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மற்ற படகுகளோடு மாமா மகனின் படகும் கிளம்பியது. பழைய கருவியையே மாட்டிக்கொண்டு, பக்கத்துப் படகின் பின்னாலேயே போனார்கள். புதுத் திரை வாங்க இன்னும் ஒரு மாசம் ஆனது. இந்தத் தடவை கடைக்காரர் கூப்பிட்டதும் அவன் முதலில் கேட்டது விலையை இல்லை. "அண்ணே, அந்தக் கட்டத்துல முழு மதிப்பை எழுதிட்டு, ரசீதை போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்புறம் பணம் போடுறேன்."